புயலை முந்த வேண்டிய செய்தி

வங்கக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் இயற்கைப் பேரிடர்த் தகவலைப் பகிர்ந்துகொள்ளக் கற்றது எப்படி? இன்னும் எங்கே தயங்குகின்றன? கொல்கத்தாவின் நூற்றைம்பது ஆண்டு அனுபவம் சொல்லும் பாடம்.

1970 நவம்பர் மாதம் கொல்கத்தாவிலிருந்து குவைத் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது 'மகாஜக்மித்ரா' என்ற 5,500 டன் சரக்குக் கப்பல். வங்கக் கடலில் அது புயலுக்குள் சிக்கியது. சூறைக்காற்று அடிப்பதாகச் சொல்லி அபாயச் செய்தி அனுப்பியது. 12-ம் தேதி கப்பல் மூழ்கியது. அதிலிருந்த ஐம்பது பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அதே புயல் அன்றிரவு கிழக்கு பாகிஸ்தானின், அதாவது இன்றைய வங்கதேசத்தின், கரையில் ஏறியது. போலா தீவையும் அதைச் சுற்றியிருந்த தாழ்வான மணல் திட்டுகளையும் நள்ளிரவுக் கடல் விழுங்கியது. செத்தவர்கள் மூன்று லட்சம் பேர் என்று ஒரு கணக்கு, ஐந்து லட்சம் என்று இன்னொரு கணக்கு. உலகில் இதுவரை பதிவான புயல்களில் இவ்வளவு உயிர்களைக் குடித்த புயல் வேறில்லை.

அந்த நாட்களில் வங்கக் கடலில் இருந்த கப்பல்கள் பலவும் அனுப்பிய வானிலைத் தகவல்கள் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தன. அவை பாகிஸ்தானுக்குப் போய்ச் சேரவில்லை. 1965 போருக்குப் பிறகு இரு நாடுகளுக்கும் இடையே நல்ல பேச்சுவார்த்தை இல்லை. ஒரே கடல், ஒரே காற்று, எல்லைக்கோட்டின் இரு பக்கமும் ஒரே வங்கமொழி. ஆனாலும் தகவல் எல்லையிலேயே நின்றுவிட்டது.

முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. கிழக்கு பாகிஸ்தானில் ரேடார் இருந்தது. அமெரிக்கச் செயற்கைக்கோள் படங்கள் கிடைத்தன. வானொலியிலும் அறிவிப்பு வந்தது. கரையோர மக்களில் பெரும்பாலோர் புயல் வருவதை அறிந்தும் இருந்தார்கள். ஆனால் எவ்வளவு பெரிய புயல், கடல் எவ்வளவு உயரம் எழும், எங்கே ஓட வேண்டும் என்பது அவர்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. ஓடி ஒதுங்க உறுதியான கட்டிடங்களும் இல்லை. ஆக, அன்று அறுந்தது இரண்டு கண்ணிகள். ஒன்று, நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே. இன்னொன்று, அரசுக்கும் கடைக்கோடிக் குடிசைக்கும் இடையே. இந்த இரண்டையும் இணைக்க மனிதர்கள் பட்ட பாட்டின் கதை கொல்கத்தாவில்தான் தொடங்குகிறது.

கூண்டு பிறந்த துறைமுகம்

'பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்ற செய்தி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நமக்குப் பழகிப்போன ஒன்று. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் எண்ணூரிலும் ஏறும் அந்தக் கூண்டின் முன்னோடி கொல்கத்தா துறைமுகத்தில் இருக்கிறது.

1864 அக்டோபர் 5-ம் தேதி ஹூக்ளி ஆற்றின் வழியே கடல் ஊருக்குள் ஏறி வந்தது. துறைமுகத்தில் கட்டியிருந்த பெரிய கப்பல்கள் நங்கூரம் அறுந்து ஒன்றோடொன்று மோதி, கரைமேல் தூக்கி எறியப்பட்டன. ஆற்றின் இரு கரையிலும் இருந்த கிராமங்களில் மடிந்தவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்பது அக்கால மதிப்பீடு. ஷிப்பூர் தாவரவியல் தோட்டத்தின் புகழ்பெற்ற பெரிய ஆலமரமும் அந்தப் புயலில் அடிபட்டது.

அதன் பிறகு கர்னல் கேஸ்ட்ரெல், ஹென்றி பிளான்ஃபோர்ட் என்ற இருவர் கப்பல்களின் பதிவேடுகளையும் கரையோரக் குறிப்புகளையும் திரட்டி, புயல் வந்த வழியைப் படமாக வரைந்தார்கள். தனித்தனியே பார்த்தால் எந்தக் கப்பலின் குறிப்பும் ஒரு மாலுமியின் நாட்குறிப்புதான். எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தபோது புயலின் உருவம் தெரிந்தது. 1865-ல் கொல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. இந்தியாவில் அதுதான் முதல். 1875-ல் இந்திய வானிலைத் துறை கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. பிளான்ஃபோர்டே அதன் முதல் தலைவர். தலைமையகம் பின்னர் சிம்லா, புனே, டெல்லி என்று மாறினாலும் அலிபூர் ஆய்வகம் கொல்கத்தாவிலேயே நிலைத்தது. 1898-ல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே மாதிரியான எச்சரிக்கைக் குறியீடுகள் வந்தன.

பகலில் கூண்டும் கூம்பும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். ஒன்று, இரண்டு என்றால் தொலைவில் உருவாகியிருக்கிறது. எட்டு, ஒன்பது, பத்து என்றால் பேரபாயம். இதற்கும் மேலே பதினொன்றாம் எண் ஒன்று உண்டு. புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். பத்தாம் எண்ணுக்கும் அப்பாற்பட்ட ஆபத்தாகத் தகவல் அறுந்த நிலையை அந்தக் காலத்து மாலுமிகள் வைத்திருந்தார்கள். இன்றும் சிந்திக்க வேண்டிய விஷயம் அது.

அறிவியல் எச்சரித்தும் ஆட்சி கேட்காத கதையும் இதே ஊரில் உண்டு. 'சைக்ளோன்' என்ற பெயரை 1848-ல் உலகுக்குக் கொடுத்தவர் கொல்கத்தாவில் கடல் விபத்து விசாரணை மன்றத் தலைவராக இருந்த ஹென்றி பிடிங்டன். மாதலா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்டும் யோசனை எழுந்தபோது, அங்கே புயல் அலை ஏறி எல்லாவற்றையும் அழிக்கும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்குக் கடிதம் எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. கானிங் துறைமுகம் எழுந்தது, ரயில் பாதையும் வந்தது. பிடிங்டன் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1867-ல் வந்த புயல் அந்தத் துறைமுகத்தை நாசமாக்கியது. சியால்டாவிலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் இன்றும் கானிங்குக்குப் போகலாம். சுந்தரவனத்துக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கித்தான் பயணத்தைத் தொடர்கிறார்கள். துறைமுகம் மட்டும் மீளவே இல்லை.

1942 அக்டோபர் 16-ம் தேதி மேதினிப்பூரைப் புயல் தாக்கியபோது நடந்தது இன்னும் கொடியது. அரசுக் கணக்கில் மட்டும் சுமார் பதினான்காயிரம் பேர் மடிந்தார்கள். அந்த மாவட்டத்தின் காந்தி (கான்டாய்), தம்லுக் பகுதிகள் அப்போது 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின் களங்கள். கிழக்கே ஜப்பானியப் படை. புயல் அழிவுச் செய்தியை வெளியிடவிடாமல் ஆங்கில அரசு தணிக்கை போட்டது. பக்கத்து நகரமான கொல்கத்தாவுக்கே விவரம் தாமதமாகத்தான் தெரிந்தது. உதவி அதைவிடத் தாமதமாகப் போனது. அடுத்த ஆண்டு வங்கத்தைப் பஞ்சம் சூழ்ந்தது.

ஒரே குழுவில் எதிரிகள்

போலா புயலுக்குப் பிறகு உலகம் விழித்தது. அந்த டிசம்பரிலேயே ஐ.நா. பொதுச்சபை, புயல் அழிவைக் குறைக்க வழி காணும்படி உலக வானிலை அமைப்பைக் கேட்டுக்கொண்டது. 1972-ல் உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசியப் பொருளாதார ஆணையமும் சேர்ந்து வெப்பமண்டலப் புயல்களுக்கான கூட்டுக் குழுவை அமைத்தன. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், பர்மா, இலங்கை, தாய்லாந்து ஆகியவை அதன் தொடக்க உறுப்பினர்கள்.

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். வங்கதேசப் போர் முடிந்த சுவடு ஆறவில்லை. பாகிஸ்தான் வங்கதேசத்தை ஒரு நாடாக ஏற்றுக்கொண்டதே 1974-ல்தான். அப்படிப்பட்ட நாடுகள் புயலுக்காக ஒரே குழுவில் உறுப்பினர்களாயின. பின்னர் மாலத்தீவு, ஓமன் சேர்ந்தன. இன்று ஏமன், ஈரான், கத்தார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் உட்பட 13 நாடுகள். இவற்றுக்கெல்லாம் புயல் அறிவுரை வழங்கும் பொறுப்பு 1988 முதல் டெல்லியில் உள்ள வட்டார மையத்திடம் இருக்கிறது. கடலில் புயல் வலுப்பெற்றதும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை 13 நாடுகளுக்கும் போகிறது. புயல் அலையின் உயரத்தைக் கணிக்க டெல்லி ஐ.ஐ.டி. உருவாக்கிய கணினி மாதிரியும் இந்தக் குழு வழியாக அண்டை நாடுகளுக்குப் பயன்பட்டது.

இந்தக் கூட்டுறவு மக்களின் நாவில் ஏறியது புயல்களின் பெயர்களால். 2000-ல் மஸ்கட்டில் கூடிய குழு பெயர் சூட்ட முடிவெடுத்தது. எட்டு நாடுகள் ஆளுக்கு எட்டுப் பெயர் கொடுக்க, 64 பெயர்களோடு 2004-ல் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. வேதாரண்யத்தின் தென்னந்தோப்புகளை 2018-ல் சாய்த்த 'கஜா' இலங்கை கொடுத்த பெயர். குமரி மீனவர்களைப் பறித்த 'ஒக்கி' வங்கதேசம் கொடுத்தது. 2020-ல் வந்த புதிய பட்டியலில் 169 பெயர்கள். அதில் இந்தியா கொடுத்தவற்றில் 'முரசு', 'நீர்' ஆகிய தமிழ்ப் பெயர்களும் உண்டு.

ஹாவா ஆபீஸ்

கொல்கத்தாக்காரர்களுக்கு அலிபூர் வானிலை மையம் 'ஹாவா ஆபீஸ்'தான். மேற்கு வங்கத்துக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் புயல் எச்சரிக்கை விடும் வட்டார மையம் இதுவே. 1920-களில் இந்த ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர் பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலின் தந்தையாகப் புகழ்பெற்ற பிரசாந்த சந்திர மகாலனோபிஸ். வட வங்கத்திலும் ஒரிசாவிலும் வந்த வெள்ளங்களைப் பல ஆண்டு மழைக்கணக்கோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, அணைகள் பற்றிய அரசின் சிந்தனைக்கு அடித்தளம் போட்டார்.

இங்கே ஒரு முன்னறிவிப்பு எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் உலகமே அதில் கைபோட்டிருப்பது தெரியும். தினமும் விடியற்காலை, டம்டம் விமான நிலையப் பகுதியிலிருந்து ஹைட்ரஜன் நிரப்பிய வெளிர் நிற ரப்பர் பலூன் ஒன்று மேலே போகிறது. அதன் அடியில் நூலில் தொங்கும் சின்னஞ்சிறு பெட்டி, மேலே ஏற ஏற வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், காற்றின் போக்கு ஆகியவற்றை வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே இருக்கும். காற்று மெலிய மெலிய பலூன் உப்பிப் பெருத்து, முப்பது கிலோமீட்டர் உயரத்தை ஒட்டிய எங்கோ ஓரிடத்தில் வெடிக்கும். பெட்டி வயலிலோ ஆற்றிலோ விழும். மாலையில் இன்னொன்று. நம் கணக்கில் காலை ஐந்தரை, மாலை ஐந்தரை. உலகத்துக்கெல்லாம் பொதுவான அதே நேரத்துக்காகச் சென்னை மீனம்பாக்கத்திலும் போர்ட் பிளேரிலும் மற்ற நாடுகளின் நிலையங்களிலும் பலூன்கள் ஏறுகின்றன. எல்லோரும் ஒரே நொடியின் வானத்தை அளந்தால்தான் கணினியில் அந்த வானத்தை மறுபடி கட்ட முடியும்.

அதோடு சேர்வது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் நங்கூரமிட்டு வைத்திருக்கும் மிதவைகளின் தகவல். இந்தியாவின் இன்சாட் படங்கள், இந்தியப் பெருங்கடலைப் பார்க்கும்படி ஐரோப்பா நிறுத்தியிருக்கும் மெட்டியோசாட் படங்கள், ஜப்பானின் ஹிமாவாரி. அமெரிக்க, ஐரோப்பியக் கணினி மாதிரிகள், நொய்டாவில் இயங்கும் நம்முடைய மாதிரிகள். புயல் கரையை நெருங்கிவிட்டால் கொல்கத்தாவின் டாப்ளர் ரேடார் அதன் கண்ணைப் பின்தொடரும். இவ்வளவும் இலவசமாகவும் உடனடியாகவும் கைமாறுவதால்தான் 'சாகர் தீவுக்கு அருகே புதன் பிற்பகல் கரை கடக்கும்' என்று நாட்கள் முன்னதாகச் சொல்ல முடிகிறது. எந்த நாடும் தன் தகவலை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. அமெரிக்காவாலும் முடியாது.

ஆம்பன் காட்டியது

2020 மே 20-ம் தேதி பிற்பகல் சுந்தரவனத்தில் கரையேறியது ஆம்பன். 64 பெயர் கொண்ட பழைய பட்டியலின் கடைசிப் பெயர், தாய்லாந்து கொடுத்தது. 1999 ஒரிசா புயலுக்குப் பிறகு வங்கக் கடல் கண்ட முதல் 'சூப்பர் சைக்ளோன்'. கரை கடக்கும்போது மணிக்கு 155 முதல் 165 கிலோமீட்டர் வேகம். கொல்கத்தா நகருக்குள்ளேயே டம்டமில் 133 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விமான நிலையம் குளமானது. காலேஜ் ஸ்ட்ரீட்டின் புத்தகங்கள் தெருவெள்ளத்தில் மிதந்தன. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை.

ஆனால் அந்தப் புயல் வருவது ஒரு வாரம் முன்பே கண்காணிக்கப்பட்டது. டெல்லியும் கொல்கத்தாவும் டாக்காவும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. கொரோனா அச்சத்தால் முகாம்களில் பாதிப் பேரைத்தான் வைக்க முடியும் என்ற நெருக்கடியிலும், இரு நாடுகளிலுமாக முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். இரு நாடுகளிலும் சேர்த்து இறந்தவர்கள் சுமார் 130 பேர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஏறத்தாழ இதே கரைகளில் லட்சக்கணக்கில் எண்ணிய நாடுகள், இம்முறை நூறுகளில் எண்ணின.

இந்த மாற்றத்தில் வங்கதேசத்தின் பங்கை மனம் திறந்து பாராட்ட வேண்டும். 1991 ஏப்ரல் புயலில் அங்கே 1,38,000 பேர் மடிந்தார்கள். 2007-ல் சிடர் புயலில் அது சுமார் 3,400-ஆகக் குறைந்தது. காரணம் செயற்கைக்கோள் மட்டும் அல்ல. செம்பிறைச் சங்கத்தோடு சேர்ந்து அந்நாடு வளர்த்த புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள், அதில் பாதிப் பேர் பெண்கள். கையில் மெகாபோன், மூங்கில் கம்பத்தில் சிவப்புக் கொடி. ஒரு கொடி என்றால் கவனம், இரண்டு என்றால் தயார், மூன்று என்றால் புறப்படு. பெண்கள் வந்து கூப்பிட்டால்தான் வீட்டுப் பெண்கள் குழந்தைகளோடு கிளம்புகிறார்கள் என்பதை அந்நாடு உயிர்களை இழந்து கற்றது. ஆளில்லாத வீடு புயலோடு திருடனுக்கும் பயப்பட வேண்டும். மாட்டை விட்டுவிட்டு வர எந்த விவசாயிக்கும் மனம் வராது. அதனால் மாடுகளுக்கும் மேட்டுநிலம் தேட வேண்டியிருந்தது.

சுந்தரவனத்தின் இந்தியப் பக்கத்திலும் இதையே பார்க்கலாம். புயல் அறிவித்ததும் டோட்டோ எனப்படும் மின்சார ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கி கட்டிக் கொண்டு ஊர் ஊராகச் சொல்கிறார்கள். ஆண்டு முழுவதும் பள்ளியாகவோ சமுதாயக் கூடமாகவோ இயங்கும் புயல் பாதுகாப்பு மையங்கள் பல தீவுகளில் வந்திருக்கின்றன. ஆனாலும் 2009-ல் ஐலா புயல் உடைத்த மண் கரைகளும், அதன்வழி ஏறிய உப்புநீரும் ஆயிரக்கணக்கானோரைக் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் கூலி வேலைக்கு அனுப்பின. ஆம்பன் அதே கரைகளை மீண்டும் உடைத்தது. உயிர் பிழைத்தவனின் வாழ்வை எச்சரிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

வந்த செய்தியும் வராத பலனும்

தகவல் எல்லை தாண்டினால் மட்டும் போதுமா? 2008 மே மாதம் மியான்மரின் ஐராவதி கழிமுகத்தைத் தாக்கிய நர்கிஸ் அதற்கு விடை. புயல் எங்கே, எந்த வேகத்தில் கரை கடக்கும் என்பதை இந்திய வானிலைத் துறை 48 மணி நேரத்துக்கு முன்பே மியான்மர் அதிகாரிகளுக்குத் தெரிவித்திருந்தது. ராணுவ ஆட்சி அதை மக்களிடம் உரிய அவசரத்தோடு கொண்டுபோகவில்லை. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேர். 1970-ல் இரண்டு கண்ணிகளும் அறுந்தன என்றால் 2008-ல் அறுந்தது இரண்டாவது கண்ணி.

நம் கரையிலும் அறுந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தபோது இந்திய நேரம் காலை 6.28. நாகப்பட்டினத்தை அலை எட்ட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் வேளாங்கண்ணிக் கடற்கரையிலிருந்து ஒருவரை எழுந்து போகச் சொல்ல இந்தியப் பெருங்கடலில் எந்த ஏற்பாடும் இல்லை. பசிபிக் நாடுகளுக்கு அது பல பத்தாண்டுகளாக இருந்தது. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து சுனாமி எச்சரிக்கை அமைப்பை உருவாக்கியது அதன் பிறகே. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய சுனாமி மையம் இயங்கத் தொடங்கியது. இன்று இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் அந்தப் பெருங்கடல் முழுவதற்கும் தகவல் தருகின்றன.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி உருவானபோது குமரி மாவட்ட விசைப்படகுகள் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கரையில் விட்ட எச்சரிக்கை அவர்கள் காதுக்கு எட்டவே வழியில்லை. அதன்பின் செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலில் செய்தி பெறும் கருவிகள் வந்தன. எல்லாப் படகுக்கும் அவை போய்ச் சேரும்வரை நம் பணி முடியவில்லை. மேற்கு வங்கத்தின் காக்த்வீப், நாம்கானா மீனவர்களின் நிலையும் இதுதான்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையகத்தில் மண் சரிந்து வீடுகள் புதைந்தன. புயலின் பாதையை வரைந்தால் போதாது, எந்தச் சரிவு இறங்கும் என்பதையும் அந்தச் சரிவில் வாழும் தோட்டத் தொழிலாளியிடம் அவருடைய தமிழிலேயே சொல்லியாக வேண்டும் என்பதை அந்த மரணங்கள் கேட்கின்றன.

ஆற்றுக் கணக்கில் ஏன் தயக்கம்?

கடலில் வந்த தெளிவு ஆற்றில் இன்னும் முழுமையாக வரவில்லை. புயல் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் அதன் தகவலைத் தர யாருக்கும் இழப்பில்லை. ஆற்று நீர் அப்படி இல்லை. அது பாசனம், மின்சாரம், குடிநீர், பேரம். மேலே இருப்பவன் நீர்மட்டத்தைச் சொன்னால் நீரின் அளவையும் சொன்னதாகிவிடும் என்ற தயக்கம் எல்லா நாடுகளுக்கும் இருக்கிறது.

நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் மே 15 முதல் அக்டோபர் 15 வரை கங்கையில் ஃபராக்கா, பிரம்மபுத்திராவில் பாண்டு, துப்ரி போன்ற நிலையங்களின் நீர்மட்டத்தை இந்தியா வங்கதேசத்துக்குக் கட்டணமின்றி அனுப்புகிறது. 1972-ல் அமைந்த கூட்டு நதிகள் ஆணையத்தின் பலன் இது. அதே பிரம்மபுத்திராவுக்கு மேலே திபெத்தில் சீனா இருக்கிறது. 2002 முதல் வெள்ளக் காலத் தகவல் தர ஒப்பந்தம் இருந்தும், டோக்லாம் எல்லையில் இரு படைகளும் முறைத்து நின்ற 2017-ல் சீனா அதை இந்தியாவுக்குத் தரவில்லை. அடுத்த ஆண்டுதான் மீண்டும் வந்தது. படைகளின் சண்டைக்கும் அசாம் விவசாயியின் வைக்கோல் போருக்கும் என்ன சம்பந்தம்?

எதிர்மாறான சம்பவம் ஒன்றும் உண்டு. 2025-ல் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு இந்தியா சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் மே மாதம் மோதிக்கொண்டன. ஆகஸ்டில் தாவி ஆற்றில் பெருவெள்ளம் புரண்டபோது, மனிதாபிமான அடிப்படையில் தூதரகம் வழியாகப் பாகிஸ்தானுக்கு இந்தியா எச்சரிக்கை அனுப்பியது. ஒப்பந்தம் நின்றிருந்தபோதும் எச்சரிக்கை போனது. 1970-ல் செய்யாமல் விட்டதை 2025-ல் செய்ய முடிந்தது என்றால், முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அது அன்றைய நல்லெண்ணத்தைப் பொறுத்ததாக இருந்துவிடக் கூடாது. கடமையாக எழுதப்பட வேண்டும்.

2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்து தீஸ்தா மூன்றாம் அணையையே அடித்துப்போனது. வட வங்கம் வரை வெள்ளம் பாய்ந்தது. அந்த ஏரி ஆபத்தானது என்பது அறிவியலாளர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். சுவிட்சர்லாந்து நிபுணர்களோடு சேர்ந்து கண்காணிப்புக் கருவிகள் பொருத்தும் வேலை அதற்கு முந்தைய மாதம்தான் தொடங்கியிருந்தது. முழுமையான எச்சரிக்கை அமைப்பு வருவதற்குள் ஏரி உடைந்துவிட்டது. இமயத்தின் பனி உருக உருக இப்படிப்பட்ட ஏரிகள் நேபாளத்திலும் பூட்டானிலும் திபெத்திலும் பெருகுகின்றன. அவற்றின் நீர் கடைசியில் வந்து சேர்வது வங்கத்துக்கே.

செய்ய வேண்டியது

2027 முடிவதற்குள் பூமியில் உள்ள ஒவ்வொருவருக்கும் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்று 2022 மார்ச் 23, உலக வானிலை நாளில், ஐ.நா. பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டரெஸ் இலக்கு வைத்தார். அந்த இலக்குக்கு வங்கக் கடலைப்போல் உரைகல் வேறில்லை. உலகின் மொத்தப் புயல்களில் சிறு பங்கே இங்கே உருவாகிறது. ஆனால் வரலாற்றின் மிகக் கொடிய புயல்களில் பெரும்பாலானவை இங்கே கரையேறியவை. ஆழமற்ற கடல், புனல்போல் குறுகும் கரை, கடல்மட்டத்தை ஒட்டிய நிலத்தில் கோடிக்கணக்கான ஏழைகள். இங்கே எச்சரிக்கை வேலை செய்தால் எங்கும் செய்யும்.

மூன்று காரியங்கள் அவசரம். முதலாவது, வெள்ளம், பனி ஏரி, அணைத் திறப்பு ஆகியவற்றின் தகவலை நதிநீர்ப் பங்கீட்டுத் தகராறிலிருந்து தனியே பிரித்து, போர் நடந்தாலும் நிறுத்தக் கூடாத கடமையாக ஒப்பந்தம் செய்ய வேண்டும். 1996-ல் இந்தியாவும் வங்கதேசமும் செய்துகொண்ட கங்கை நீர் ஒப்பந்தம் 2026 டிசம்பரோடு முடிகிறது. புதிதாக எழுதப்படும் ஒப்பந்தத்தில் ஆண்டு முழுவதற்குமான தகவல் பகிர்வு ஒரு தனிப் பிரிவாக இடம்பெற வேண்டும். இரண்டாவது, வசதி குறைந்த அண்டை நாடுகளுக்கு ரேடாரும் பலூனும் மிதவையும் பயிற்சியும் தருவதை இந்தியா தானமாக நினைக்கக் கூடாது. மியான்மரின் வானத்தில் அளவெடுக்க ஆளில்லை என்றால் கொல்கத்தாவின் கணிப்பும் பிசகும், சென்னையின் கணிப்பும் பிசகும். மூன்றாவது, செயற்கைக்கோளுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கு மெகாபோன் பிடிக்கும் தொண்டருக்கும், உடையாத தடுப்புக் கரைக்கும், படகில் பொருத்தும் கருவிக்கும் போக வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கூண்டு ஏறியது என்ற செய்தி வரும்போது அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் தெருவில் செல்போன் இல்லாத முதியவர் யார், அறிவிப்பு மொழி புரியாத வடமாநிலத் தொழிலாளி யார், கடலுக்குப் போயிருக்கும் படகு எது என்று விசாரித்துச் சொல்லுங்கள். அலிபூரும் சென்னையும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டன. அதைக் கடைசி வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது நம் பொறுப்பு.